சிரித்தால் சம்மதம்

பிப்ரவரி 24, செவ்வாய்

பல் டாக்டரம்மா இன்றைக்கும் மேட்டில் வண்டியை அணைத்துவிட்டார். பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. டாக்டரம்மா ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். பயிற்சி வண்டியில் கற்றுக்கொடுப்பவர் காலடியிலும் ஒரு பிரேக் வைக்க வேண்டும் என்று யோசித்தவன் நன்றாக இருக்கட்டும். "ஊர்ல பாதிப் பேர் வாயில குறடு விடுறீங்க, ஒரு கிளட்சுக்கு இப்படிப் பயப்படுறீங்களே" என்றேன். "பல்லு பின்னால உருளாது மேடம்" என்றார். பதில் சொல்லத் தெரிகிறது. ஓட்டத்தான் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தால் இவர் எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருக்கிறார். லிஃப்ட் பழுது பார்க்கிற மனுஷன் வெளிச்சம் இருக்கும்போதே வீடு திரும்பினால் ஒன்று உடம்புக்கு முடியவில்லை, இல்லையென்றால் ஏதோ விஷயம் இருக்கிறது. விஷயம்தான். கம்பெனியின் தலைமை அலுவலகம் இருக்கும் பெரிய நகரத்தில் பழுதுபார்க்கும் பிரிவு முழுவதையும் இவர் பொறுப்பில் விடுகிறார்களாம். அங்கேயே குடிபோக வேண்டும். ஒன்பதாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும். "போலாமா?" என்றார். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். "பார்க்கலாம்" என்றேன்.

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. பிறகு என்ன? யாரோ ஒருவரின் ஓட்டை வண்டியில் சம்பளத்துக்குச் சொல்லிக்கொடுத்து, அப்புறம் சொந்தமாக ஒரு வண்டி, அப்புறம் இரண்டாவது, உதவிக்கு ஒரு பெண், வாசலில் என் பெயர் போட்ட டிரைவிங் பள்ளிப் பலகை. இதையெல்லாம் சுருட்டி அட்டைப்பெட்டியில் வைத்துக்கொண்டு போக முடியுமா? இந்த ஊரில் எந்தச் சந்தில் நாய் குறுக்கே வரும் என்பது வரைக்கும் எனக்குத் தெரியும். அந்த நகரத்தில் எனக்கு என்ன தெரியும்?

பிப்ரவரி 26, வியாழன்

முடியவில்லை. பேச்சு முடியவில்லை!

ரயில் டிக்கெட்டோடு வந்து நிற்கிறார். அடுத்த வியாழன் போய் ஞாயிறு திரும்புவதாம். "நாடகம், கச்சேரி, மியூசியம்னு ஊரை நல்லா சுத்திட்டு வரலாம். உனக்குத்தான் அதெல்லாம் உசிராச்சே" என்கிறார். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. எத்தனை வருஷமாக எங்கேயாவது கூட்டிப் போங்கள் என்று தொண்டை வறளக் கேட்டிருக்கிறேன். அப்போதெல்லாம் ஏதாவது ஒரு கட்டிடத்தில் லிஃப்ட் நடுவில் நின்றுவிடும். இப்போது மட்டும் எப்படி ஒன்றும் நிற்கவில்லை?

எனக்குப் புரியாமல் இல்லை. என்னை இனிப்புக் காட்டி அழைத்துப் போகிறார். ஊரைக் காட்டி மயக்கி, ஒன்பதாம் தேதி சரி என்று சொல்ல வைக்கத் திட்டம்.

இதில் எரிச்சல் என்னவென்றால், நான் மயங்கக்கூடிய ஆள்தான். கல்லூரி நாளில் ஊருக்கு வந்த ஒரு நாடகத்தையும் விட்டதில்லை. இங்கே இருப்பது ஒரே ஒரு அரங்கம், அதிலும் இப்போது கட்டில் மெத்தை விற்கிறார்கள்.

ஆகையால் ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். போவேன், பார்ப்பேன், ஆனால் பிடித்திருப்பதாகக் காட்டிக்கொள்ள மாட்டேன். நான் அங்கே ஒரு தடவை சிரித்தால் போதும், அதையே சம்மதமாக எழுதிக்கொள்வார்.

மார்ச் 1, ஞாயிறு

என் வாய்க்குப் பூட்டு வாங்கிப் போட வேண்டும்.

இவருடைய அக்கா வந்திருந்தார். இரண்டு தெரு தள்ளித் தனியாக இருக்கிறார், கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அப்பா அம்மா இல்லாத வீட்டில் இவரை வளர்த்து ஆளாக்கியவர். தபால் நிலையத்தில் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்தே வேலையை முடித்து, போன வருஷம்தான் ஓய்வு பெற்றார். நான் அண்ணி என்று கூப்பிடுகிறேன். இடமாற்றம் பற்றி அண்ணிக்கு இன்னும் தெரியாது. "இப்போ அக்காகிட்ட எதுவும் சொல்லாத" என்று இவர் என்னிடம் சொல்லி வைத்திருக்கிறார். முடிவே ஆகாத விஷயத்தை எதற்குச் சொல்வது, சரிதான்.

மேஜை மேல் இருந்த டிக்கெட்டைப் பார்த்துவிட்டு, "எங்கம்மா கிளம்புறீங்க?" என்று கேட்டார். சொன்னேன். சொன்ன பிறகு சும்மா இருக்க முடியுமா? "நீங்களும் வாங்களேன் அண்ணி" என்றேன். இதற்கு என்ன பதில் என்று எல்லோருக்கும் தெரியும். "நான் எதுக்கும்மா, நீங்க ரெண்டு பேரும் சந்தோஷமா போயிட்டு வாங்க." அவ்வளவுதான். கேட்பவருக்கும் மரியாதை, சொல்பவருக்கும் மரியாதை.

அண்ணி கேட்டது: "வண்டி எத்தனை மணிக்கு?"

இவர் என்னைப் பார்த்த பார்வையில் பால் திரிந்துவிடும்.

மார்ச் 5, வியாழன்

வந்து சேர்ந்தாயிற்று. தங்குமிடம் பழைய கட்டிடம். மூன்றாவது மாடியில் அடுத்தடுத்து இரண்டு அறைகள், நடுவில் ஒரு கதவு. கதவுக்குத் தாழ்ப்பாள் அண்ணி பக்கம்தான் இருக்கிறது. அது நினைத்தபோது திறக்கிறது.

கீழே லிஃப்ட் வேலை செய்யவில்லை. பெட்டியை இறக்கிவைத்த கையோடு இவர் அதன் முன்னால் நின்றுகொண்டார். கம்பிக் கதவு வைத்த பழைய லிஃப்ட். "இது நல்ல லிஃப்டு, பாவம், யாரும் கவனிக்கல" என்று ஏதோ நோயாளியைப் பார்க்க வந்தவர் மாதிரி பேசுகிறார். வரவேற்பில் இருந்தவனிடம் திருப்புளி கேட்டு வாங்கி, சட்டைக் கையை மடித்துவிட்டார். விடுமுறைக்கு வந்த மனிதர்! நானும் அண்ணியும் பெட்டிகளைப் படியில் தூக்கிக்கொண்டு ஏறினோம். நாங்கள் மூன்றாம் மாடியை அடைந்தபோது லிஃப்ட் எங்களுக்கு முன்னால் வந்து திறந்தது. உள்ளே இவர், கையில் கிரீஸ், வாயெல்லாம் பல்.

சாயங்காலம் பூங்காவில் திறந்தவெளிக் கச்சேரி. மழை. பாடகி இரண்டாவது பாட்டின் நடுவில் மேடையை விட்டு இறங்கி ஓடினார். நாங்கள் ஒரு குடைக்குள் மூன்று பேர். "ஆனா எடுத்த எடுப்பு எவ்வளவு நல்லா இருந்துச்சு பாத்தியா" என்று அண்ணி கைதட்டிக்கொண்டே நனைகிறார். இவர் என் காதருகே, "இந்தப் பூங்கா நடந்து வர்ற தூரம்தான். வாராவாரம் கச்சேரி உண்டாம்" என்றார். எங்கிருந்து நடக்கிற தூரம்? யார் வீட்டிலிருந்து? கேட்டிருப்பேன், அண்ணி நடுவில் நின்றுகொண்டிருந்தார்.

மார்ச் 6, வெள்ளி

இன்று முழுவதும் பல்லைக் கடித்துக்கொண்டு கழித்தேன். உண்மையாகவே தாடை வலிக்கிறது.

காலையில் மியூசியம். நான் பார்க்க ஆசைப்பட்டது ஒன்றே ஒன்று, பழைய இசைக்கருவிகள் இருக்கும் கூடம். வாசலில் கயிறு கட்டி, பராமரிப்புப் பணி என்று அட்டை தொங்கவிட்டிருக்கிறார்கள். கயிற்றுக்கு மேலே எட்டிப் பார்த்தால் ஏதோ ஒரு வாத்தியத்தின் கழுத்து மட்டும் தெரிகிறது. காவலாளியிடம் கேட்டேன். "அடுத்த மாசம் திறந்துருவாங்க" என்றார். உடனே இவர், "அடுத்த மாசம்தானே, பாத்துக்கலாம்" என்றார், ஏதோ அடுத்த தெருவுக்குப் போவது மாதிரி. எனக்குச் சுருக்கென்றது. இந்த மனிதர் தானாகவே எல்லாம் முடிவு செய்துவிட்ட மாதிரிப் பேசுவதே ஒரு தந்திரமோ?

அதற்குப் பிறகு எந்தக் கூடத்துக்குப் போனாலும் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். ஒரு ஓவியம் — மழை ஓய்ந்த தெரு, ஒரு பெண் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கிறாள், அவ்வளவுதான் — அதன் முன்னால் இன்னும் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும் போலிருந்தது. இவர் ஓரக்கண்ணால் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நகர்ந்துவிட்டேன். ஓவியத்தைப் பார்க்க வந்த ஊரில் என் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்தால் நான் என்னத்தைப் பார்ப்பது?

பிற்பகல் நகைச்சுவை நாடகம். பழைய அரங்கம், சிவப்பு மெத்தை நாற்காலி, எழுந்தால் படாரென்று மடங்குகிறது. கதை இதுதான்: ஒரு வீட்டை இரண்டு பேருக்கு வாடகைக்கு விட்டுவிடுகிறான் தரகன், இரண்டு குடும்பமும் ஒரே நாளில் சாமானோடு வந்து இறங்குகிறது. முதல் காட்சியிலேயே எனக்கு வயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பிவிட்டது. தொடையைக் கிள்ளிக்கொண்டேன். கன்னத்தை உள்ளே கடித்தேன். பயிற்சி வண்டி மோதிய நாட்களை நினைத்தேன். மேடையில் இரண்டு மாமியார்களும் ஒரே கட்டிலில் ஆளுக்கொரு பக்கம் துணி விரிக்கிறார்கள், அரங்கமே கூரை அதிரச் சிரிக்கிறது, நான் சாவு வீட்டில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். என் வலது கால் தரையை மிதித்துக்கொண்டே இருந்தது. இல்லாத பிரேக்கை.

அண்ணி கண்ணில் நீர் வர வர, என் தோளில் அடித்து அடித்துச் சிரித்தார். இடைவேளையில், "ஏம்மா, வயித்து வலியா? சிரிப்பை அடக்குனா அது வாயுவா மாறிடும்" என்று சத்தமாகச் சொன்னார். முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இவர் வாடிய முகத்தோடு, "பிடிக்கலையா? உனக்குப் பிடிக்கும்னு நெனச்சேன்" என்றார்.

பிடித்திருக்கிறது. நான் இவ்வளவு நல்ல நாடகம் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகிறது. அந்த இரண்டாவது மாமியாராக நடித்த அம்மாளின் கால் செருப்பைத் தொட்டுக் கும்பிடலாம். இதை இங்கே எழுதத்தான் முடிகிறது. வாயால் சொன்னால் என் பள்ளியின் பலகையைக் கழற்றிவிடுவார்கள்.

இது என்ன பிழைப்பு? சுற்றுலாவா, பரீட்சையா?

மார்ச் 7, சனி, காலை

இவர் ஷேவ் செய்துகொண்டே விசில் அடிக்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மார்ச் 7, மாலை

எழுத்து கோணலாக வந்தால் வரட்டும்.

மதியக் காட்சிக்கு மேஜிக் பார்க்கப் போனோம். அண்ணியின் ஆசை. ஜிகினாக் கோட்டு போட்ட மேஜிக்காரர் இரண்டு புறாவைக் காணாமல் போகவைத்துவிட்டு, மேடைக்கு யாராவது வரலாம் என்று கூப்பிட்டார். இவர் எழுந்தார். குரூப் போட்டோவிலேயே கடைசி வரிசையில் ஒளிந்துகொள்ளும் மனிதர், எல்லோருக்கும் முன்னால் கையைத் தூக்கிக்கொண்டு போனார். எனக்கே வேடிக்கையாகத்தான் இருந்தது.

"வாங்க சார், எந்த ஊர்ல இருந்து வர்றீங்க?" என்று மைக்கை நீட்டினார் மேஜிக்காரர்.

"இந்த ஊருதான்" என்றார் இவர்.

"இங்கேயா? எந்த ஏரியா?"

"அடுத்த மாசம் குடி வர்றோம். நானும் என் ஒய்ஃபும். அதோ, அங்க உக்காந்திருக்காங்க."

விளக்கு திரும்பி என் முகத்தில் விழுந்தது. கண் கூசியது. ஒன்றும் தெரியவில்லை, கைதட்டல் மட்டும் கேட்டது. மொத்த அரங்கமும் எங்களை வரவேற்கிறது. மேஜிக்காரர் இவர் காதிலிருந்து ஒரு நீளமான ரிப்பனை இழுத்துக்கொண்டே இருந்தார். பக்கத்தில் அண்ணி, "குடி வர்றீங்களா? யாரு? எப்போ?" என்று கேட்டார். அப்புறம் கேட்கவில்லை. மடியில் இருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் அண்ணி எங்களை விட்டு விலகி, ஒரு கடையின் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றார். சைக்கிள் உதிரிபாகக் கடை. அதில் அவருக்குப் பார்க்க ஒன்றுமில்லை.

நான் இவரைக் கேட்டேன், "எப்போ சொன்னீங்க?"

"யார்கிட்ட?"

"உங்க ஆபீஸ்ல. சரின்னு எப்போ சொன்னீங்க?"

"நீ சொன்ன மறுநாளே சொல்லிட்டேனே."

"நான் என்ன சொன்னேன்?"

"பார்க்கலாம்னு சொன்னியே."

நான் நடுத்தெருவில் நின்று கத்தினேன். என்ன கத்தினேன் என்று முழுதாக நினைவில்லை. பார்க்கலாம்னா வேண்டாம்னு அர்த்தம்! ஒருத்தர் மனசு நோகாம வேண்டாம்னு சொல்றதுக்குத்தானே அந்த வார்த்தையே இருக்கு! இது கூடத் தெரியாதா? யாருக்குத் தெரியாது? இவர் வாயைத் திறந்தபடி நிற்கிறார். நடிப்பில்லை, எனக்கு நன்றாகத் தெரியும், இந்த மனிதருக்கு நடிக்க வராது. "வேணாம்னா வேணாம்னு சொல்ல வேண்டியதுதானே" என்றார் கடைசியில், மெதுவாக. "நீ ஊரைப் பார்க்கணும்னு சொல்றேன்னு நெனச்சுத்தான் டிக்கெட்டே போட்டேன்."

அப்படியானால் இந்த மூன்று நாளும் என்னை மயக்கப் பார்க்கவில்லை. என் புது ஊரை எனக்குக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறார். பூங்கா நடக்கிற தூரம், அடுத்த மாதம் பார்த்துக்கலாம், எல்லாம் — என்னைச் சந்தோஷப்படுத்துவதற்கு. நான் உட்கார்ந்து தொடையைக் கிள்ளிக்கொண்டிருந்தேன்.

ஏமாற்றியிருந்தால்கூடச் சண்டை போட்டு ஜெயித்திருப்பேன். இதற்கு யாரைத் திட்டுவது?

மார்ச் 8, ஞாயிறு. ரயிலில்.

காலைச் சாப்பாட்டுக் கூடத்தில் மூன்று பேரும் ரொட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். யாரும் சாப்பிடவில்லை. அண்ணிதான் முதலில் பேசினார். "என்கிட்ட சொல்லக்கூடாதுன்னு ரெண்டு பேரும் பேசி வச்சிருந்தீங்களா?" இவர் தட்டையே பார்த்தார். "உங்களை விட்டுட்டுப் போறோம்னு எப்படிக்கா சொல்றது" என்றார். அண்ணி அழவில்லை. ரொட்டியில் வெண்ணெயைத் தடவினார், தடவினார், ஓரம் வரைக்கும் தடவினார்.

பிறகு என் பக்கம் திரும்பி, "நீ என்னம்மா சொன்ன இவன்கிட்ட?" என்றார்.

"பார்க்கலாம்னு சொன்னேன் அண்ணி."

"அப்போ சரின்னுதானே?"

எனக்கு வந்த கோபத்தில் ஸ்பூனைக் கீழே வைத்த சத்தம் பக்கத்து மேஜைக்குக் கேட்டது. எங்கள் வீட்டில் அப்பாவிடம் சினிமாவுக்குப் போகலாமா என்றால் பார்க்கலாம். புதுச் செருப்பு என்றால் பார்க்கலாம். கல்லூரிச் சுற்றுலா என்றால் பார்க்கலாம். அந்த வார்த்தை வந்துவிட்டால் கதவு சாத்தியாயிற்று என்று நானும் தங்கையும் சத்தம் போடாமல் எழுந்து போய்விடுவோம். இதை அப்படியே சொன்னேன்.

அண்ணி ஆச்சரியப்பட்டார். "எங்க வீட்ல அப்படி இல்லம்மா. இவன் சின்னப் பையனா இருக்கும்போது எதைக் கேட்டாலும் பார்க்கலாம்னுதான் சொல்லுவேன். கையில அப்போ எதுவும் இருக்காது, அதனால. ஆனா சம்பளம் வந்ததும் முதல்ல அதைத்தான் வாங்குவேன். பார்க்கலாம்னு சொல்லிட்டு நான் செய்யாம விட்டதே இல்ல." இவர் ஆமாம் என்று தலையை ஆட்டினார், பள்ளிக்கூடப் பையன் மாதிரி.

இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம். எத்தனை தடவை நான் பார்க்கலாம் என்று சொல்லியிருப்பேன், எத்தனை தடவை இவர் காத்துக்கொண்டே இருந்திருப்பார்? அதை நினைக்க நினைக்க எனக்கு அவமானமாக இருந்தது, கோபமும் குறையவில்லை.

அதனால் தெளிவாகச் சொன்னேன். "நான் வரலைங்க. எனக்கு என் பள்ளி வேணும். இது பார்க்கலாம் இல்ல. வரலை."

இவர் தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு சொன்னார். "ஊரெல்லாம் மேல போறதுக்கு நான் கீழ லிஃப்ட் குழிக்குள்ள நின்னுட்டு இருந்திருக்கேன், இத்தனை வருஷமா. முட்டி போயிடுச்சு. இந்தத் தடவை என்னையும் ஒருத்தன் மேல கூப்பிடுறான். எனக்கு இது வேணும்."

"எனக்கு வேணும்" என்று இவர் சொல்லி நான் கேட்டதில்லை. சாப்பாட்டில் உப்புகூடக் கேட்கமாட்டார். அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்தது, அதற்காக என் பதில் மாறவில்லை. அதுதான் கொடுமை.

அண்ணி சொன்னார், "ரெண்டு பேரும் இன்னைக்குத்தான் ஒழுங்கா பேசிருக்கீங்க. அதுக்கு இவ்வளவு தூரம் வரணுமா?" சொல்லிவிட்டு, ஆறிப்போன ரொட்டியைச் சாப்பிட ஆரம்பித்தார்.

ரயில் கிளம்பிவிட்டது. எதிர் இருக்கையில் இவர் தூங்குவது மாதிரி கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார்.

மார்ச் 9, திங்கள்

இவர் வேலைக்குப் போனார். நானும் போனேன். இரண்டு பேரும் ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை.

மார்ச் 22, ஞாயிறு

கோபத்தில் வண்டி கழுவினேன். இரண்டு வண்டியையும். ஏற்கனவே சுத்தமாகத்தான் இருந்தன.

இவர் போகிறார். நான் இருக்கிறேன். அப்படித்தான் பேசி முடித்தோம், சண்டை போடாமல், கடைக்குப் போவது யார் என்று பேசுகிற குரலில். கேட்கிறவர்கள் எல்லாம், "சண்டையா?" என்கிறார்கள். சண்டையாக இருந்தால் சமாதானம் என்று ஒன்று இருக்கும். இதில் ஆளுக்கு ஒரு நியாயம், இரண்டும் நல்ல நியாயம், வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஏப்ரல் 4, சனி

போய்விட்டார். இரண்டு பெட்டி. திருப்புளிப் பெட்டி தனியாக. குளியலறையில் ஷேவிங் சாமான் இருந்த இடத்தில் வட்டமாக ஒரு கறை. தேய்த்தேன், போகவில்லை.

ஏப்ரல் 14, செவ்வாய்

போனில் பேசுவதும் ஒரு தொல்லையாகிவிட்டது. நாங்கள் இரண்டு பேரும் இப்போது ஒவ்வொரு வார்த்தைக்கும் அகராதி பார்க்கிறோம். "இந்த வாரம் வரியா?" என்றார். "முடிஞ்சா வரேன்" என்றேன். "முடிஞ்சான்னா வருவியா, மாட்டியா?" என்கிறார். நியாயமான கேள்விதான். மாட்டேன் என்றேன். "சரி" என்றார். "சரின்னா கோபமா?" என்றேன். "சரின்னா வருத்தம்" என்றார். குக்கர் கூப்பிடுகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். குக்கர் அடுப்பிலேயே இல்லை.

ஏப்ரல் 21, செவ்வாய்

அண்ணி வந்து, "எனக்கும் வண்டி ஓட்டச் சொல்லிக் குடேன்" என்றார். மரியாதைக்குக் கேட்கிறாரா, நிஜமாகவா? முன்பென்றால் சிரித்து மழுப்பியிருப்பேன். "நிஜமாவா அண்ணி?" என்று கேட்டேன். "நிஜமாத்தான். உன் புருஷனைப் பாக்க நான் ரயில்காரன் தயவுல போகணுமா?" என்றார்.

முதல் வகுப்பு முடிந்தது. பிரேக்கை மிதித்து மிதித்து என் கெண்டைக்கால் மரத்துப்போயிற்று. பல் டாக்டரம்மா அண்ணிக்கு முன்னால் பந்தய வீராங்கனை.

மே 8, வெள்ளி

பல் டாக்டரம்மா தேறிவிட்டார். மேட்டில் நிறுத்தி, மறுபடி கிளப்பி, ஒரு அங்குலம்கூடப் பின்னால் உருளவில்லை. கீழே இறங்கி வந்து என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். இதைச் சொல்ல இவருக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை, ஏதோ கட்டிடத்தின் உச்சியில் இருந்திருப்பார். சொல்ல ஆள் இல்லாமல் சந்தோஷம் அப்படியே ஆறிப்போனது. எனக்கு இவர் மேல் கோபம் வந்தது, என் மேலும் வந்தது.

மே 17, ஞாயிறு. அந்த ஊரில்.

நேற்றுக் காலை வந்தேன். வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

இவர் வீடு சின்னது. ஒரு அறை, ஒரு சமையலறை, ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுக்காரர் துணி உலர்த்துவது தெரிகிறது. சுவரில் ஆணி அடித்திருக்கிறார், எதையும் மாட்டவில்லை. படுக்கையில் ஒரு தலையணைதான். நான் வருவதால் இன்னொன்று வாங்கி, பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமல் நாற்காலியில் வைத்திருந்தார். பிரித்தால் நான் தவறாக எடுத்துக்கொள்வேனோ என்று பயந்தாராம். இப்படி இரண்டு பேரும் பயந்து பயந்து எத்தனை நாள் ஓட்டுவது என்று சலிப்பாக இருந்தது. நானே பிரித்தேன்.

இன்று பிற்பகல் ஒரு நடன நிகழ்ச்சி. அரங்க வாசலில் இவருக்கு ஒரே ஒரு டிக்கெட்தான் கிடைத்தது. "நீ போய்ப் பாரு, நான் இங்க படியில உக்காந்திருக்கேன்" என்றார். எரிந்து விழுந்தேன். இரண்டு வாங்க முடியாவிட்டால் எதற்கு வாங்க வேண்டும், நான் மட்டும் உள்ளே போய் என்ன செய்வது. இவர் வாதாடவில்லை, டிக்கெட்டை என் கையில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

உள்ளே போனேன். இரண்டு பக்கமும் தெரியாத ஆட்கள். விளக்கு அணைந்தது. மேடையில் ஒரு ஆணும் பெண்ணும், ஒரு நீளமான மேஜை, அவ்வளவுதான். மேஜையைச் சுற்றி, மேல், கீழ், ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர். ஒரு இடத்தில் அந்தப் பெண் மேஜை விளிம்பிலிருந்து பின்னால் சாய்ந்து விழுகிறாள், அவன் பிடிக்க வரவில்லை, அவளே எழுந்துகொள்கிறாள். எனக்கு அழுகை வந்தது. அழுதேன். அடுத்து ஒரு வேடிக்கையான ஆட்டம், சத்தமாகச் சிரித்தேன், என் சத்தம் எனக்கே கேட்டது. முடிந்ததும் எழுந்து நின்று கைதட்டினேன். யாரும் என் முகத்தைப் பார்த்துக் கணக்குப் போடவில்லை.

வெளியே வந்தால் இவர் அதே படியில், முட்டியைத் தேய்த்துவிட்டுக்கொண்டு. "எப்படி இருந்துச்சு?" என்றார். வீடு வரைக்கும் நான் அதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தேன், கையை ஆட்டி, அந்தப் பெண் சாய்ந்ததை நடைபாதையில் செய்து காட்டி. இவர் கேட்டுக்கொண்டே வந்தார். இங்கே இருந்தால் அடிக்கடி பார்க்கலாம் என்று சொல்லவில்லை. நடக்கிற தூரம்தான் என்றும் சொல்லவில்லை. வழியிலேயே ஒரு கடையில் சாப்பிட்டோம். என் பள்ளியில் மூன்றாவது வண்டி வாங்குவது பற்றிக் கேட்டார், என்ன வண்டி என்று விசாரித்தார். நான் அங்கேதான் இருப்பேன் என்பதை வைத்துக்கொண்டு பேசினார்.

வீட்டுக்கு வந்ததும் என் பெட்டியை எடுத்துக் கட்டிலில் வைத்து, "உன் ரயிலுக்கு எப்போ கிளம்பணும்?" என்றார்.

"இன்னும் ரெண்டு நாள் இருக்கேன்" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. சொன்ன பிறகும் அது எனக்குச் சரியாகவே இருந்தது. உதவிக்கு இருக்கும் பெண்ணைக் கூப்பிட்டு, நாளைக்கும் மறுநாளைக்கும் என் வகுப்புகளைத் தள்ளிவைக்கச் சொன்னேன். "உடம்பு சரியில்லையா மேடம்?" என்று பதறினாள். காய்ச்சலிலும் நான் வகுப்பைத் தள்ளிவைத்ததில்லை. "உடம்பெல்லாம் நல்லா இருக்கு" என்றேன்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் இவர் அறையில் இல்லை. சமையலறையில் குழாய் ஓடும் சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் ஓடிக்கொண்டே இருந்தது. நாங்கள் வெளியில்தான் சாப்பிட்டிருந்தோம், கழுவ ஒரு தட்டுகூட இல்லை. நான் உள்ளே போகவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு அவரே வரட்டும் என்று, ஜன்னலோரம் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.